எட்டுப் பேர் சொன்ன தீர்ப்பு

சென்ற தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை. பரீட்சை முடிந்து புள்ளிகளும் கொடுத்தாயிற்று. அத்தகைய நாளில் உயர்தர வகுப்பு மாணவரைப் பாடத்தில் இருத்தி வைப்பது ஆகாத காரியம் என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர். "இன்று பாடம் வேண்டாம், ஏதாவது பேசுவோம்" என்றோம். சட்டம் படிக்க எண்ணியிருக்கும் மாணவன் ஒருவன், தான் பார்த்த 'ருஸ்தம்' என்ற இந்திப் படத்தைப் பற்றிச் சொல்லி, "இது உண்மையில் நடந்த வழக்காமே, சேர்?" என்று கேட்டான்.

உண்மையில் நடந்த வழக்குத்தான். 1959ஆம் ஆண்டில் பம்பாய் நகரை ஆட்டிவைத்த நானாவதி கொலை வழக்கு அது. அதனை நாம் முதன்முதல் கேட்டது எமது அம்மானின் வாயிலிருந்து. அவர் இளமையில் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். இந்தியப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் வாசித்தவர். மாலை வேளைகளில் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, சிறுவர்களாகிய எமக்கு அந்தக் கதையைச் சொல்லுவார். கதையில் வரும் கடற்படை அதிகாரி எப்பொழுதும் "கொமாண்டர்". இறந்தவரோ வெறும் "அவன்". அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே பல காலம் எமக்குத் தெரியாது.

அம்மான் சொன்னபடியே வகுப்பிலும் சொன்னோம். மானமுள்ள வீரர் ஒருவர். கடலிலே நாட்டைக் காக்கப் போனவர். வீட்டிலே மனைவியும் மூன்று குழந்தைகளும். நண்பன் என்று வீட்டுக்கு வந்து பழகிய செல்வந்தன் ஒருவன் அந்த இல்லத்தைக் கெடுத்தான். உண்மை தெரிந்த அன்றே கொமாண்டர் அவனிடம் சென்றார். அவனோ குளித்துவிட்டுத் துவாயைக் கட்டிக்கொண்டு நின்றான். "என் மனைவியை மணந்து குழந்தைகளையும் ஏற்றுக்கொள்வாயா?" என்று இவர் கேட்க, பழகிய பெண்களையெல்லாம் மணந்துகொள்ள முடியுமா என்னும் பொருள்பட அவன் ஏளனமாய் விடை கூறினான். கைகலப்பு ஏற்பட்டது. துப்பாக்கி வெடித்தது. கொமாண்டர் நேரே பொலிசாரிடம் சென்று சரணடைந்தார்.

"நீங்கள் யூரர்களாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?" என்றோம். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் விடுதலைக்குக் கை தூக்கியது. கை தூக்காத ஒரு மாணவன், கடைசி வாங்கில் இருந்தவன், மெதுவாகக் கேட்டான்: "கைகலப்பு என்றால், துவாய் கழரவில்லையோ, சேர்?"

வகுப்பிற் பெருஞ்சிரிப்பு எழுந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்வி சிரிப்புக்குரியதன்று. அரசாங்கத் தரப்பினர் அதே கேள்வியைத்தான் நீதிமன்றத்தில் எழுப்பினர்.

வழக்கின் விவரங்களை இனி ஒழுங்காகப் பார்ப்போம். இறந்தவரையும் "அவர்" என்றே எழுதுகின்றோம், அம்மான் மன்னிப்பாராக.

கவாஸ் மானெக்‌ஷா நானாவதி என்பவர் பார்சி சமூகத்தவர். இந்தியக் கடற்படையின் 'மைசூர்' என்னும் போர்க்கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி. 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிற் சில்வியா என்னும் ஆங்கிலப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிரேம் அகுஜா சிந்தி சமூகத்தவர், மோட்டார் வாகன வியாபாரி, மணமாகாதவர், தமது சகோதரி மேமியுடன் பம்பாயில் ஒரு மாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். நண்பர்கள் மூலம் இரு குடும்பத்தினரும் அறிமுகமாயினர். நானாவதி கப்பலில் நெடுநாட்கள் கழிப்பவர். பிறகு நடந்ததை விரித்துரைக்கத் தேவையில்லை.

1959ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் திகதி. காலையிற் கணவனும் மனைவியுமாக நோயுற்ற தமது நாயை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். திரும்பும் வழியில் மெட்ரோ படமாளிகையிற் பிற்பகற் காட்சிக்கு அனுமதிச் சீட்டுகள் வாங்கினர். மதிய உணவுக்குப் பின்னர்தான் சில்வியா உண்மையைச் சொன்னார். அதைக் கேட்ட நானாவதி வீட்டில் எவரையும் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. வாங்கிய சீட்டு வீணாகாமல் மனைவியையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிச் சென்று படமாளிகையில் இறக்கினார். பின்னர் கப்பலுக்குச் சென்றார். தாம் இரவில் தனியே அகமத்நகருக்குக் காரோட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது என்று பொய்க்காரணம் கூறி, கப்பற் களஞ்சியத்திலிருந்து ஒரு றிவோல்வரும் ஆறு தோட்டாக்களும் பெற்றார். அதை ஒரு மண்ணிற உறையில் இட்டுக்கொண்டு அகுஜாவின் அலுவலகத்துக்குச் சென்றார். அங்கே அவர் இல்லை. குடியிருப்புக்குச் சென்றார். படுக்கையறைக்குள் நுழைந்து கதவை மூடினார். அப்போது நேரம் மாலை 4.20 மணி.

அறைக்குள் நடந்ததைக் கண்ட இருவருள் ஒருவர் இறந்துபோனார். ஏளனமான அந்த விடை உலகப் பிரசித்தம் பெற்றுவிட்டது. திரைப்படங்களிலும் நாடகங்களிலும் இடம்பெற்றது. அதனைக் கேட்டதாகச் சொன்னவர் ஒருவரே, அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். அந்த விடை பொய்யென்று நாம் கூற வரவில்லை. ஆனால் ஊர் முழுவதும் அவ்வாக்கியத்தைத் தன் காதாற் கேட்டதுபோற் பேசிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளியே வந்த நானாவதி, ஓடிவந்த சகோதரியிடம் "தவறுதலாக வெடித்துவிட்டது" என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாயிற் காவலாளியிடம், அகுஜாவுக்கும் தம் மனைவிக்கும் தொடர்பு இருந்ததாலே கொன்றேன் என்று கூறினார் என்பது அக்காவலாளியின் சாட்சியம். கடற்படை அதிகாரியொருவரின் ஆலோசனைப்படி பொலிஸ் பிரதி ஆணையாளர் ஜோன் லோபோவிடம் சென்று சரணடைந்தார். பொலிஸ் பதிவிலே தமது பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்ததைத் திருத்தியும் கொடுத்தார் என்று லோபோ சாட்சியமளித்தார். மனங் கலங்கி நிலைதடுமாறியிருந்தவர் தமது பெயரின் எழுத்துப் பிழையைக் கவனிப்பாரா என்று அரசாங்கத் தரப்பினர் கேட்டனர். அவ்வளவு கலக்கத்திலும் ஒழுங்கு தவறாதவர் என்றும் ஒருவர் அதற்குப் பொருள் கொள்ளலாம். பம்பாய் மக்கள் அப்படித்தான் பொருள் கொண்டனர்.

நகரின் நிலை அப்போது எவ்வாறிருந்தது? வழக்குத் தொடங்கு முன்னரே பத்திரிகைகள் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிட்டன. அவற்றுள் முன்னின்றது ஆர். கே. கரஞ்சியா நடத்திய 'பிளிட்ஸ்' என்னும் வாரப் பத்திரிகை. கரஞ்சியாவும் பார்சி. நேர்மையான போர்வீரர் ஒருபுறம், பணத்திமிர் பிடித்த உல்லாசி மறுபுறம் என்று வாரந்தோறும் அது எழுதிற்று. 25 நயா பைசா விலையுள்ள பத்திரிகை, வழக்குக் காலத்தில் 2 ரூபாவுக்குக் கைமாறியதாம். வெள்ளைச் சீருடையும் பதக்கங்களுமாக நானாவதி நீதிமன்றத்துக்கு வரும்போது வீதியோரங்களில் மக்கள் திரண்டு நின்றனர். இளம் பெண்கள் அவர் மீது நூறு ரூபாய்த் தாள்களை உதட்டுச் சாயம் ஒற்றி வீசினர் என்றும் எழுதியுள்ளனர். இவற்றையெல்லாம் விட எம் மனத்தைத் தைத்தது வேறொரு செய்தி. நடைபாதை வியாபாரிகள் "நானாவதி றிவோல்வர்" என்று விளையாட்டுத் துப்பாக்கியும், "அகுஜா துவாய்" என்று துவாயும் கூவி விற்றார்களாம்.

ஒரு மனிதர் இறந்து சில மாதங்கள்தாம். வயது முப்பத்துநான்கு. அவருடைய உடலில் இருந்த துணி வீதியில் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. அதை வாங்கிச் சென்றவர்கள் கொடியவர்களல்லர், நம்மைப்போற் குடும்பத்தவர்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே வாங்கியிருப்பார்கள்.

வழக்கு விசாரணை பம்பாய் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். பி. மேத்தா முன்னிலையில், ஒன்பது யூரர்களோடு நடைபெற்றது. நானாவதிக்காக வாதாடியவர் கார்ல் கண்டலாவாலா. இந்திய ஓவியக் கலை பயில்வோர் இப்பெயரை வேறோரிடத்திலும் கண்டிருப்பர். வழக்கறிஞராக இருந்துகொண்டே சிறந்த கலை ஆராய்ச்சியாளராகவும் விளங்கியவர் அவர். அரசாங்கத் தரப்பில் சி. எம். திரிவேதி வழக்கை நடத்தினார். இறந்தவரின் சகோதரிக்காக ஓர் இளம் வழக்கறிஞர் அமர்ந்து கவனித்து வந்தார். பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற ராம் ஜெத்மலானியே அவர்.

யூரர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி மிகச் சிறியது. அகுஜா நல்லவரா? நானாவதி உத்தமரா? சில்வியா செய்தது தகுமா? இவற்றுள் எதுவும் அன்று. சுட்டது யார் என்பதிலும் தகராறு இல்லை. றிவோல்வருக்காக நடந்த இழுபறியில் அது தற்செயலாக வெடித்ததா, அன்றி வேண்டுமென்றே சுடப்பட்டதா என்பதுதான் முதற் கேள்வி. வேண்டுமென்றே சுட்டிருந்தால், பாரதூரமானதும் திடீரென எழுந்ததுமான ஆத்திரமூட்டலினால் தன்னையடக்கும் வலுவை இழந்து சுட்டாரா என்பது அடுத்த கேள்வி. அவ்வாறாயின் அது கொலைக் குற்றத்தினின்றும் குறைந்த குற்றமாகும். எமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையிலும் இவ்விதிவிலக்கு உண்டு; அது இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டதே.

இங்கேதான் கடைசி வாங்கு மாணவனின் துவாய் வருகின்றது. இருவர் ஒரு துப்பாக்கிக்காகக் கட்டிப் புரண்டிருந்தால், இடையிற் சுற்றியிருந்த துவாய் அவிழ்ந்து விழுந்திருக்க வேண்டாமா? அது இறந்தவரின் உடலிற் கட்டியது கட்டியபடியே இருந்தது. வெடிச் சத்தங்கள் அடுத்தடுத்துக் கேட்டன, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது என்று வீட்டு வேலையாள் கூறினார். இழுபறிக்கு அங்கே நேரம் எங்கே?

யூரர்கள் கலந்தாலோசித்துத் திரும்பினர். எட்டுப் பேர் குற்றவாளியல்லர் என்றனர், ஒருவர் மறுத்தார். கொலைக் குற்றம் மட்டுமன்று, அதனினும் குறைந்த குற்றமும் இல்லை என்பது எண்மரின் முடிபு. தீர்ப்பைக் கேட்டு நகரம் மகிழ்ந்தது. ஆத்திரத்தினாற் சுட்டார் என்று இரங்கிக் குறைந்த குற்றத்துக்குரிய தண்டனை கொடுத்திருந்தாற்கூட அது வேறு கதை. எண்மரோ ஒன்றுமே நடவாததுபோல் அவரை வீட்டுக்கு அனுப்பத் துணிந்தனர். அவர்கள் நீதிபதியின் கேள்விக்கு விடையளிக்கவில்லை, ஊரின் கேள்விக்கு விடையளித்தனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

நீதிபதி மேத்தா அத்தீர்ப்பை ஏற்கவில்லை. முன்வைக்கப்பட்ட சாட்சியங்களை நோக்குமிடத்து, நியாய புத்தியுள்ள எவரும் இவ்வாறு முடிவு செய்ய இயலாது என்று கருதினார். அக்காலத்து இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவு, அத்தகைய வேளையில் வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுத்திருந்தது. அவ்வாறே அனுப்பினார். வெளியே கூட்டம் ஆர்ப்பரிக்கும் நேரத்தில், தனியொருவராக இருந்து அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவது இலேசான காரியமன்று.

1960ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி பம்பாய் மேல் நீதிமன்றம் நானாவதியைக் கொலைக் குற்றவாளி எனக் கண்டு ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதித்தது. அடுத்து நடந்தது எவரும் எதிர்பாராதது. அதே நாளில் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அத்தண்டனையை நிறுத்திவைத்து ஆணை பிறப்பித்தார். அதியுயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு முடியும் வரை நானாவதி கடற்படையின் காவலிலேயே இருக்கலாம் என்பது ஆணை. கைதியைக் கொண்டுவரச் சென்ற பிடியாணை வெறுங்கையோடு திரும்பிற்று.

நகரம் மறுபடியும் இரண்டுபட்டது. ஆளுநரின் ஆணையை ஆதரித்துப் பார்சி சமூகத்தினர் கவாஸ்ஜி ஜெஹாங்கீர் மண்டபத்திற் கூடினர். மண்டபத்தினுள் 3,500 பேர். இடமின்றி வெளியில் நின்றோர் ஏறக்குறைய 5,000 பேர். சிந்தி சமூகத்தினர் மேமி அகுஜாவின் பக்கம் நின்றனர். இரண்டு சமூகங்களுமே சிறுபான்மையினர். ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பு பாரசீகத்திலிருந்து வந்து குஜராத்தில் ஒதுங்கி, பின்னர் பம்பாயை வளர்த்த சமூகம். மற்றையது 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடுவாசலைச் சிந்துவில் விட்டுவிட்டு வந்து, வியாபாரத்தினால் தலையெடுத்த சமூகம். தம்மவர் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்றபோது, முழுச் சமூகமும் அக்கூண்டில் நிற்பதாக ஒரு சாரார் எண்ணினர். தம்மவர் ஒருவர் இறந்தும் அவரே பழிக்கப்பட்டபோது, தாம் எல்லோரும் பழிக்கப்படுவதாக மற்றச் சாரார் எண்ணினர். சிறுபான்மையினரின் இந்த மனநிலை எமது வாசகர்களுக்குப் புதியதன்று, விளக்கவும் வேண்டுவதில்லை.

1960ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இந்தியாவின் அதியுயர் நீதிமன்றம், தன் முன் மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது ஆளுநர் அவ்வாறு தண்டனையை நிறுத்திவைக்க இயலாது என்று நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்த்தது. 1961ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி மேன்முறையீட்டையும் தள்ளிற்று. அத்தீர்ப்பில் எம்மை மிகவும் கவர்ந்த பகுதி ஓர் எளிய கணக்கு. நானாவதி வீட்டை விட்டுப் புறப்பட்டது பிற்பகல் 1.30 மணி. சுட்டது 4.20 மணி. ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் அவர் படமாளிகைக்குப் போனார், கப்பலுக்குப் போனார், காரணம் ஒன்றைப் புனைந்தார், அலுவலகத்திலே தேடினார், வீட்டுக்குப் போனார். வெகுண்ட மனம் ஆறுவதற்குப் போதிய நேரம் இருந்தது. ஆகவே "திடீரென்ற" என்னும் சொல் இங்கே பொருந்தாது என்றனர் நீதியரசர்கள். சட்டம் பயிலும் மாணவர்கள் ஆத்திரமூட்டல் பற்றிப் படிக்கும்போது இத்தீர்ப்பை இன்றும் படிக்கின்றனர்.

சரி, அந்த எண்மரும் அறிவிலிகளா? அவ்வாறு சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது, நியாயமன்று. மேல் நீதிமன்றம் ஆராய்ந்தபோது, நீதிபதி யூரர்களுக்கு அளித்த விளக்கவுரையிலேயே குறைகள் இருக்கக் கண்டது. தற்செயலாக வெடித்தது என்று சொல்பவரே அதனை நிறுவும் பொறுப்புடையவர் என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. காவலாளியிடமும் பொலிஸ் அதிகாரியிடமும் நானாவதி கூறியவற்றை எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதையும் போதிய அளவு விளக்கவில்லை. அதியுயர் நீதிமன்றமும் இக்குறைகளை ஏற்றுக்கொண்டது. தெளிவாகக் கேட்கப்படாத கேள்விக்கு எட்டுப் பேர் தெளிவற்ற விடை சொன்னால், முழுப் பழியையும் அவர்கள் தலையிற் போடலாமா? ஆசிரியராகிய எமக்கு இந்த இடம் சிறிது சுட்டது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். வினாத்தாளிலே பிழை விட்டுவிட்டு மாணவரைக் கடிந்துகொண்ட நாட்கள் எமக்கும் உண்டு.

மேலும், அந்த ஒன்பது பேரும் வானத்திலிருந்து இறங்கியவர்களல்லர். அதே நகரில் வாழ்ந்தவர்கள். அதே பத்திரிகைகள் விற்கப்பட்ட வீதிகளில் நடந்தவர்கள். வீட்டுக்குப் போனால் அயலவர் என்ன பேசியிருப்பார்?

இந்த ஒரு வழக்கினால் இந்தியாவில் யூரர் முறை ஒழிந்தது என்று பலர் எழுதுவதுண்டு. அது முற்றும் சரியன்று. இந்தியச் சட்ட ஆணைக்குழு 1958ஆம் ஆண்டிலேயே, நானாவதி துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னரே, யூரர் முறையை நீக்கும்படி பரிந்துரைத்துவிட்டது. இறுதியில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டக் கோவையில் அம்முறை இடம்பெறாது போயிற்று. இந்த வழக்கு அதற்கு ஓர் உதாரணமாயிற்றேயன்றிக் காரணமன்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பார்சிகளின் விவாக வழக்குகளில் மட்டும், சமூகப் பிரதிநிதிகளை நீதிபதியுடன் இருத்தும் பழைய முறை எஞ்சி நின்றது.

எமது நாட்டில் நிலை வேறு. 1811ஆம் ஆண்டிற் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் கொண்டுவந்த யூரர் முறையைச் சட்டம் கைவிடவில்லை. அத்தகைய விசாரணைகள் அருகிவிட்டன என்பதுதான் உண்மை. இங்கே யூரர் எழுவர். குறைந்தது ஐவர் ஒத்திருக்க வேண்டும். எமது பெற்றோர் காலத்தவர் எவரைக் கேட்டாலும் 1953ஆம் ஆண்டில் கொழும்பில் 57 நாட்கள் நடந்த சதாசிவம் வழக்கைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பர். துடுப்பாட்ட வீரர் சதாசிவம் குற்றமற்றவரென யூரர்கள் ஒருமனதாகத் தீர்த்தனர். அதன் பின்னும் பல வீடுகளில் அந்த வழக்கு முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் நெடுங்காலம் நடந்துகொண்டேயிருந்தது. ஊர் தனக்கென ஒரு நீதிமன்றம் வைத்திருக்கின்றது. அதற்கு விடுமுறை கிடையாது, சாட்சிகளும் வேண்டியதில்லை.

பம்பாய்க்குத் திரும்புவோம். 1964ஆம் ஆண்டில் மகாராஷ்டிர ஆளுநராக இருந்தவர் விஜயலக்ஷ்மி பண்டிட். நானாவதிக்கு மன்னிப்பு வழங்க வேண்டுமென்ற கோரிக்கை ஓயவில்லை. 'பிளிட்ஸ்' அதற்கென விண்ணப்பமொன்றையே வெளியிட்டது. பார்சி ஒருவருக்கு மன்னிப்பு வழங்கினாற் சிந்திகள் கொதிப்பார்களே என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது. அவ்வேளை பாய் பிரதாப் என்னும் சிந்தி வணிகர் ஒருவரும் வேறொரு வழக்கில் மன்னிப்புக் கோரியிருந்தார். இருவருக்கும் ஒன்றாக மன்னிப்பு வழங்கப்பட்டது. அதற்கு முன்னர் மேமி அகுஜாவின் சம்மதம் எழுத்துமூலம் பெறப்பட்டது என்று ஜெத்மலானி பிற்காலத்திற் கூறியிருக்கின்றார்.

அந்தச் சம்மதம்தான் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. சிலப்பதிகாரத்திலே கணவனை இழந்தவள் அரசவை வாயிலில் வந்து நின்றாள். அரசன் அவள் வழக்கைக் கேட்டான். கேட்ட மாத்திரத்தில் தன் தவறு உணர்ந்து உயிரையே விட்டான். தமிழ்ப் பிள்ளைகள் யாவரும் படிக்கும் கதை அது. இறந்தவருக்காக ஒரு பெண் வந்து பேசினால் நீதி திரும்பிப் பார்க்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாம். பம்பாயிலும் ஒரு பெண் வந்தாள். சகோதரனின் உடலைக் கண்ட அதே கண்களோடு சாட்சிக் கூண்டில் ஏறினாள். வெளியே வரும்போது வீதியிலே துவாய் விற்கும் குரல் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? ஐந்து ஆண்டுகளின் பின்னர் அவளிடமே மன்னிப்புக்குக் கையொப்பம் கேட்டனர். அவள் இட்டுக் கொடுத்தாள்.

அகுஜா செய்தது சரியென்று நாம் கூறவில்லை. ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு எந்த நாட்டுச் சட்டமும் மரணதண்டனை விதித்து, அதை நிறைவேற்றும் அதிகாரத்தைக் கணவன் கையிற் கொடுக்கவில்லை. எமது குடும்பங்களிலும் "மானம் போய்விட்டது" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும், நியாயம் பேசும் பெரியவர்கள்கூட வாயை மூடிக்கொள்வதைக் கண்டிருக்கின்றோம். மானத்துக்காக அடித்தவனுக்குப் பரிந்து பேச ஊரிற் பத்துப் பேர் இருப்பார்கள். அடிபட்டவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய் விசாரிக்க ஒருவரும் இரார்.

நானாவதி மொத்தத்தில் மூன்று ஆண்டுகள் வரையே சிறையில் இருந்தார். 1968ஆம் ஆண்டில் மனைவி மக்களோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எவருடைய கண்ணிலும் படாமல் வாழ்ந்து 2003ஆம் ஆண்டிற் காலமானார். அந்தக் குடும்பம் பிரியவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மன்னித்தனர் போலும். அது அவர்களுடைய சொந்த விடயம்.

இவ்வளவையும் வகுப்பிற் சொல்லி முடித்தபோது மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "மறுபடியும் கை தூக்குங்கள்" என்றோம். இம்முறை சிலர் தூக்கினர், சிலர் அயலில் இருப்பவரைப் பார்த்துவிட்டுத் தூக்கினர், சிலர் பாதியிலே கையைக் கீழே விட்டனர். எத்தனை என்று நாம் எண்ணவில்லை.

"அந்த எட்டுப் பேரோடு சேராத ஒருவர் யார், சேர்?" என்று முன்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய பெயரைச் சொல்லி எவரும் வீதியில் ஒன்றும் விற்கவில்லை என்று மட்டும் சொன்னோம். பிள்ளைகள் சிரித்தனர். கடைசி வாங்கு மாணவன் சிரிக்கவில்லை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தவன், வாசலில் நின்று, "அகுஜாவின் அக்காவோ தங்கச்சியோ, சேர், அவ?" என்று கேட்டான்.

மணி அடித்துவிட்டது.